நாலாம் நம்பர்

ஸ்ரீவில்லிபுத்தூர்
2.9.2024

அன்பு அத்தானுக்கு ஆல்வின் எழுதுவது.

கர்த்தர் கிருபையில் நானும் பியூலாவும் சுகமாக இருக்கிறோம். அக்காவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறதா? ஷைனி டியூசனுக்குப் போக ஆரம்பித்துவிட்டாளா?

பதினோரு கிலோமீட்டரில் இருந்துகொண்டு தபாலில் எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். போனில் இந்தப் பேச்சை எடுத்தால், "ஆபீஸ் போன்ல எல்லாம் பதிவாகும் மாப்ள, நேர்ல பேசுவோம்" என்கிறீர்கள். நேரில் வந்தால் அக்கா தட்டை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். நீங்கள் எனக்கு அத்தான் மட்டும் என்றால் பேசாமல் விட்டுவிடுவேன். எனக்கும் என்னோடு டவர் ஏறும் மாரீஸ்வரனுக்கும் சூப்பர்வைசரும் நீங்கள்தானே.

ஆகஸ்டில் நாங்கள் இருவரும் வேலை நேரத்துக்கு வெளியே பதினோரு தடவை செல்போன் டவர்களுக்குப் போயிருக்கிறோம். சங்கம் போட்ட ஒப்பந்தப்படி அது ஆறாம் நம்பர், அவசர அழைப்பு. இரட்டைச் சம்பளம், மேலே ஏறினால் உயரப்படி தனி. நாங்கள் கம்பெனியின் மொபைல் ஆப்பில் ஆறு என்றுதான் போட்டோம். இப்போது பார்த்தால் பதினொன்றும் நாலாம் நம்பராகக் கிடக்கிறது. நாலு என்றால் காத்திருப்பு. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டில் சும்மா இருப்பது, அதற்குக் கால் சம்பளம். வத்திராயிருப்பில் மழையோடு மழையாக நாற்பது மீட்டர் மேலே தொங்கிக்கொண்டிருந்த மூன்று மணி நேரத்தில் நாங்கள் வீட்டில் இருந்ததாக எழுதியிருக்கிறது. நாங்கள் போட்ட நம்பரை மாற்றும் அதிகாரம் சூப்பர்வைசருக்கு மட்டும்தான் உண்டு.

வித்தியாசத் தொகை கேட்டு முறைப்படி ஆபீசுக்கு மனு அனுப்பியிருக்கிறேன். மாரிக்கும் நானே எழுதினேன். "சார் மனசு சங்கடப்படும்ல" என்று கையெழுத்துப் போடத் தயங்கினான். அவன் மனைவி காளீஸ்வரிதான் பேனாவை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

மனு சூப்பர்வைசருக்கு, இந்தக் கடிதம் அத்தானுக்கு. தப்பாக நினைக்க வேண்டாம்.

உங்கள் மச்சினன்
ஆல்வின்


ராஜபாளையம்
21.9.2024

பிரியமுள்ள மாப்பிள்ளைக்கு வைகுண்டராஜ் எழுதிக்கொண்டது.

உங்கள் இருவரின் சுகம் அறிந்து சந்தோஷம். அக்காவுக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, எண்ணெயை மாற்றியிருக்கிறோம். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது.

மனு வந்தது. நான் அதை மேலே அனுப்பவில்லை, என் மேஜை டிராயரில் இருக்கிறது. கோபப்படாமல் படி. ஒரு சூப்பர்வைசருக்கு மாதம் பன்னிரண்டு ஆறாம் நம்பர்தான் என்று மதுரையில் இருக்கும் ஏரியா மேனேஜர் ஏப்ரலில் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். எழுத்தில் தாருங்கள் என்று கேட்டோம். சிரித்தார். எனக்குக் கீழே எட்டுப் பேர் இருக்கிறீர்கள். மழைக் காலத்தில் பன்னிரண்டு ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். கூடப் போனால் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்டு மெயில் வரும். அப்படி மூன்று மெயில் வாங்கிய சங்கரன்கோவில் சூப்பர்வைசர் இப்போது வேலையில் இல்லை. எனக்கு வயது ஐம்பத்தொன்று.

டிசம்பருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நேராக்கிவிடுகிறேன். அதுவரை சங்கச் செயலாளர் வேல்பாண்டியிடம் இதைக் கொண்டுபோகாதே. இது நம் வீட்டு விஷயமாகவே இருக்கட்டும்.

நவம்பர் 17, ஞாயிறு, ஷைனிக்குத் திடப்படுத்தல் ஆராதனை, முதல் நற்கருணை எடுக்கப் போகிறாள். மதியம் வீட்டில் சாப்பாடு. தாய்மாமன் நீ இல்லாமல் நடக்காது. பியூலாவையும் அழைத்து வா.

அன்புடன்
அத்தான்


ஸ்ரீவில்லிபுத்தூர்
25.10.2024

அன்பு அத்தானுக்கு,

பியூலாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது. இப்போது பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போகிறாள். நீங்கள் மாத்திரையை விடாமல் போடுங்கள்.

செப்டம்பரில் ஒன்பது, இந்த மாதம் இதுவரை ஏழு. எல்லாம் நாலுதான். வேல்பாண்டி அண்ணன் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போவோம் என்கிறார். டிசம்பர் வரை பொறுங்கள் என்று நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன். "அத்தானுக்காகப் பாக்கான்" என்று சங்கத்தில் என் காதுபடவே பேசுகிறார்கள்.

காசு கிடக்கட்டும். இரண்டு தடவை மாரியைத் தனியாக வத்திராயிருப்புக்கு அனுப்பியிருக்கிறீர்கள். டவர் வேலைக்கு இரண்டு பேர் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. நாலாம் நம்பர் போட்டுவிட்டால் எத்தனை பேர் போனார்கள் என்ற கேள்வியே வராது என்பதால்தானே இந்தத் துணிச்சல்? இனி அவனைத் தனியாக அனுப்ப வேண்டாம்.

ஷைனி திடப்படுத்தலுக்குக் கட்டாயம் வருவோம். அன்று மாரிக்கும் எனக்கும் காத்திருப்பு டூட்டி. நீங்கள் சரி என்றால் நான் உங்கள் வீட்டிலேயே காத்திருக்கிறேன்.

ஆல்வின்


ஸ்ரீவில்லிபுத்தூர்
29.11.2024

அத்தானுக்கு,

வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மாரி போய் இன்றோடு ஒன்பது நாள். செண்பகத்தோப்பு டவரிலிருந்து விழுந்தவன் மதுரையில் மூன்று நாள் கண் திறக்காமலே கிடந்து போய்ச் சேர்ந்தான். நீங்கள் மாலை கொண்டுவந்து போட்டீர்கள். என் பக்கம் திரும்பவில்லை. நானும் உங்கள் பக்கம் திரும்பவில்லை.

நேற்று காளீஸ்வரிக்குக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அவள் கொண்டுவந்து கொடுத்தாள், நான்தான் தமிழில் சொன்னேன். பதினேழாம் தேதி மதியம் பன்னிரண்டிலிருந்து மாலை ஆறு வரை மாரீஸ்வரன் நாலாம் நம்பரில், வீட்டில் காத்திருப்பில் இருந்ததாகப் பதிவாம். அவனை யாரும் டவருக்கு அனுப்பவில்லையாம். அவனாகப் போய் ஏறியதால் இது வேலையில் நடந்த விபத்து ஆகாதாம். ஆழ்ந்த இரங்கலாம்.

மூன்றே காலுக்கு அவன் விழுந்ததை வனத்துறைச் சாவடியில் இருந்தவர் பார்த்திருக்கிறார். அந்த மூன்றே காலிலும் ஆப்பில் அவன் வீட்டில் இருக்கிறான். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

அதை ஆறு என்று மாற்றுங்கள் அத்தான். நான் கேட்பது அவ்வளவுதான். அன்று மதியம் நடந்தது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை இங்கே எழுதவில்லை.

ஆல்வின்


ஸ்ரீவில்லிபுத்தூர்
23.12.2024

அத்தானுக்கும் அக்காவுக்கும் ஷைனிக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். இந்த வருடம் நாங்கள் அங்கே வரவில்லை.

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. கிடைத்திருக்கும். கிடைக்காமல் திரும்பி வரவில்லை.

முந்தாநாள் காளீஸ்வரி மாரியின் போனைக் கொண்டுவந்தாள். நொறுங்கிக் கிடந்ததைக் கடையில் கொடுத்து உயிர் வர வைத்திருக்கிறாள். பதினேழாம் தேதி மதியம் 1.42க்கு அவனுக்கு ஒரு அழைப்பு வந்திருக்கிறது. பெயர் இல்லை, நம்பர் மட்டும். அதைப் பேசிவிட்டுத்தான் பைக்கை எடுத்தான் என்றாள். "இது யார் நம்பருன்னு தெரியுதா அண்ணே?" என்று கேட்டாள்.

தெரியவில்லை என்று சொன்னேன்.

அது அக்கா நம்பர். எனக்கு மனப்பாடம். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனேன். பியூலா அடுப்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அன்று உங்கள் வீட்டில்தானே இருந்தாள்.

வேல்பாண்டி அண்ணன் காளீஸ்வரிக்காக இழப்பீட்டு வழக்குப் போடுகிறார். அந்த நம்பரை எப்படியும் கண்டுபிடிப்பார்கள். அதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஆல்வின்


ராஜபாளையம்
8.1.2025

ஆல்வினுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நீ கேட்டதை எழுதுகிறேன், படித்துவிட்டுக் கிழித்துப் போடு. லீவு நாளில் ஆபீஸ் போனிலிருந்து உங்களை அழைத்தால் ஆறாம் நம்பர் தானாக விழுந்துவிடும். அதை யாராலும் மாற்ற முடியாது. அதனால்தான் அவசர வேலைக்கு நான் உங்களை ஒருநாளும் அதில் அழைத்ததில்லை, கையில் அகப்படும் வேறு போனில்தான் கூப்பிடுவேன். அன்று உன் அக்கா ஜெயபாய் போனை எடுத்து மாரியிடம் பேசினேன். நவம்பர் கணக்கில் பன்னிரண்டு முடிந்துபோயிருந்தது. மாலை அவன் விழுந்த செய்தி வந்ததும் மேனேஜருக்குச் சொன்னேன். "நாலுன்னு போட்டு மூடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்" என்றார். மாரியை மதுரைக்கு ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தபோது நான் அந்த நாலைப் போட்டேன். பழகிய கை.

இப்போது உன் விஷயம். இரண்டு கடிதத்திலும் எல்லாம் எழுதினாய், ஒன்றை மட்டும் எழுதவில்லை. நான் பந்தியில் உன்னிடம் வந்து, செண்பகத்தோப்பு சிக்னல் போய்விட்டது, மாரியோடு நீயும் கிளம்பு என்றேன். நீ என்ன சொன்னாய்? "இப்பதான் கை கழுவி உக்காந்தேன் அத்தான். கீழ பெட்டியில எதாவது வயர் லூசா இருக்கும். மாரி ஒருத்தனே பாத்துக்கிடுவான்." உன் அக்கா அப்போது உனக்குக் கறி வைத்துக்கொண்டிருந்தாள்.

தனியாக அனுப்பாதீர்கள் என்று எழுதியவனும் நீதான்.

சாட்சி சொல்லப் போனால் இதையும் சேர்த்துச் சொல். எனக்கு வேலை போகும். வீட்டுக் கடன் இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. உன்னையும் அவர்கள் விடமாட்டார்கள். உன் அக்காவை நினைத்துப் பார்.

வைகுண்டராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
16.2.2025

அத்தானுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? சர்க்கரை ஏறிவிட்டதாகப் பியூலாவிடம் அக்கா சொன்னாளாம்.

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஐந்து வாரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நீங்கள் எழுதியது முழுக்க உண்மை. அன்று காத்திருப்பில் இருந்தவன் நான். நாலாம் நம்பர் எனக்குப் பொருந்தும்.

காளீஸ்வரி செட்டியார்பட்டியில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பக்கத்தில் ஒரு நூல் மில்லில் இரண்டாம் ஷிப்டு பார்க்கிறாள். போன ஞாயிறு அங்கே போனேன். அந்த நம்பர் எங்கள் அக்காவுடையது, பேசியது அத்தான், நான் பக்கத்தில்தான் இருந்தேன் என்று சொன்னேன். பந்தியில் நான் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். அவள் நெல்லிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். நான் திட்டுக்குக் காத்திருந்தேன்.

"எங்க வீட்ல அவியளும் அப்ப சாப்பிட்டுக்கிட்டுதான் இருந்தாவ. போன் வந்ததும் பாதியில எந்திரிச்சுப் போனாவ. நீங்க எந்திரிக்கலையே அண்ணே" என்றாள்.

நான் எழுந்து வந்தபோது வாசல் வரை வந்து, பஸ் எத்தனை மணிக்கு என்று சொன்னாள்.

நான் சாட்சி சொல்லப் போகிறேன். என்னைப் பற்றியதையும் சொல்லுவேன். உங்கள் கடிதத்தை நீட்டமாட்டேன். அது அத்தான் மச்சினனுக்கு எழுதியது. நீங்களாக வந்து சொல்வீர்கள் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆல்வின்


ராஜபாளையம்
30.3.2025

தம்பி ஆல்வினுக்கு அக்கா எழுதுகிறேன். நீயும் பியூலாவும் நன்றாக இருக்க ஜெபிக்கிறேன்.

உன் கடிதங்களை அத்தானின் டிராயரில் பார்த்துவிட்டேன். தேடிப் பார்க்கவில்லை, ஷைனியின் பரீட்சை ஹால் டிக்கெட்டைத் தேடும்போது கிடைத்தது. என் போன் என்ன செய்தது என்று இத்தனை மாதம் எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. அன்று "செத்த நேரம் உன் போனைக் குடு" என்று வாங்கினார், பாயச வாளியோடு நின்ற என் காதில் அவர் மாரியிடம் பேசியது விழுந்தது, அது ஏன் என் போனில் என்றுதான் தெரியாது.

கம்பெனி வக்கீல் வீட்டுக்கு வந்தார். வாழை இலை பற்றாததால் மாரியிடம் வாங்கி வரச் சொல்லி நான்தான் பேசினேன் என்று சொல்லச் சொல்கிறார். அத்தான் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். வக்கீல் போன பிறகு, "உனக்கு ஒண்ணும் ஆவாது ஜெயா. நீ கம்பெனி ஆள் இல்லல்லா" என்றார்.

இருபத்தொரு வருடத்தில் அவர் என்னிடம் ஒரு பொய் சொல்லச் சொன்னதில்லை. ராத்திரி தூங்குவதில்லை. சாப்பிடுவதுமில்லை. அவரை வெறுக்க எனக்கு வரவில்லை தம்பி.

நீ கேட்டால் நான் சாட்சிக்கு வரமாட்டேன். புருஷனுக்கு எதிராகத் தம்பிக்காக நின்றாள் என்று ஆகிவிடும். பொய்யும் சொல்லமாட்டேன். உனக்குத் தோன்றியதை நீ செய்.

அக்கா ஜெயபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
19.7.2025

அக்காவுக்கு,

ஷைனி நல்ல மார்க் வாங்கியதாகக் கேள்விப்பட்டோம். மாமன் சந்தோஷப்பட்டான் என்று சொல்.

நேற்று மதுரையில் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை நடந்தது. அத்தான் உன்னிடம் எவ்வளவு சொல்லியிருப்பார் என்று தெரியாததால் எழுதுகிறேன்.

முதலில் வேல்பாண்டி அண்ணன் எட்டுப் பேருடைய மூன்று மாதப் பதிவையும் கொடுத்தார். நாங்கள் போட்ட ஆறுகள், மறுநாள் அவை நாலாக மாறிய நேரம், எல்லாம் வரிசையாக இருந்தது. பிறகு நான். கம்பெனி வக்கீல், விபத்து நடந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன் என்றேன். அங்கே போக வேண்டிய இரண்டாவது ஆள் யார் என்றார். நான்தான் என்றேன். காளீஸ்வரி முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அத்தான் கம்பெனிச் சாட்சியாக ஏறினார். யாரையும் தான் அனுப்பவில்லை என்றார். அந்த நம்பரைக் காட்டினார்கள். "அது என் மனைவி போன். அவ எதுக்குப் பேசினான்னு எனக்குத் தெரியாது" என்றார்.

அக்கா, அதைச் சொன்னபோது அவர் குரல் இரண்டு தடவை உடைந்தது. அதனால் அது உண்மையாகிவிடாது. அதிகாரி உன்னை வரச் சொல்லி ஆணை போட்டிருக்கிறார். நான் கேட்டு அல்ல. அவரே போட்டது.

ஆல்வின்


ராஜபாளையம்
24.8.2025

தம்பிக்கு,

விசாரணை முடிந்ததும் உன்னிடம் பேசாமல் பஸ் ஏறிவிட்டேன் என்று வருத்தப்படாதே. யாரிடமும் பேசும் நிலையில் நான் இல்லை. இப்போது உடம்புக்கு ஒன்றுமில்லை.

போகும்போது அத்தானும் நானும் ஒரே பஸ்ஸில்தான் போனோம். திருமங்கலம் தாண்டியதும் அவர், "இலைன்னு சொல்லிரு ஜெயா" என்றார், வெளியே பார்த்துக்கொண்டே.

உள்ளே போனதும் பைபிளைக் கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை, சும்மா சத்தியம் வாங்கினார்கள். அந்த நேரத்தில் போன் யார் கையில் இருந்தது என்று அதிகாரி கேட்டார். என் வீட்டுக்காரர் கையில் என்றேன். என்ன பேசினார் என்றார். "மாரி, செண்பகத்தோப்பு போய்ட்டு வந்துரு, ஆல்வின் இங்க சாப்பிடுதான்" என்றார் என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவுதானா என்றிருந்தது.

திரும்பும்போதும் ஒரே பஸ்தான். எனக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சோறு வைத்தேன். சாப்பிட்டார். அன்றிலிருந்து வெளி அறையில் படுக்கிறார்.

நீ இப்போதைக்கு வராதே. நானே சொல்லி அனுப்புகிறேன்.

அக்கா


ராஜபாளையம்
11.1.2026

மாப்பிள்ளை ஆல்வினுக்கு,

ஒரு வருடம் கழித்து எழுதுகிறேன். நீயும் பியூலாவும் சுகம்தானே. அக்கா சுகம். நானும் இருக்கிறேன்.

தீர்ப்பு வந்தது உனக்குத் தெரியும். மாரி வேலைக்குத்தான் போனான் என்று எழுதியிருக்கிறார்கள். கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டது. கட்டிய மறு வாரம், பொய்ப் பதிவு போட்டதற்காக என்னை நீக்கிவிட்டது. எல்லாம் நானாகச் செய்ததாம். மேனேஜர் அதே நாற்காலியில் இருக்கிறார். உனக்கும் இரண்டு இன்க்ரிமெண்ட் வெட்டியதாக அக்கா சொன்னாள். பழைய வித்தியாசத் தொகை எட்டுப் பேருக்கும் வந்துவிட்டதாமே. நான் இப்போது ஒரு ஜெனரேட்டர் கடையில் கணக்கு எழுதுகிறேன்.

உன் அக்கா பெயரை விசாரணையில் சொன்னேனே, அதை அவளிடம் எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

காளீஸ்வரியைப் பார்க்க வேண்டும் என்று செட்டியார்பட்டிக்கு டிக்கெட் எடுத்துப் பஸ் ஏறினேன். ஊர் வந்தது. இறங்கவில்லை. முகவூர் வரை போய், அங்கே ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த வாரமும் அப்படியே. கண்டக்டருக்கு முகம் பழகிவிட்டது. "அண்ணாச்சி, இன்னைக்காவது இறங்குவியளா?" என்று கேட்டார்.

அந்தப் பிள்ளையிடம் கேட்டுச் சொல். வரலாம் என்றால், நீ கூட வருவாயா?

வைகுண்டராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
20.1.2026

அத்தானுக்கு,

நாங்கள் நலம். கடிதம் கண்டேன்.

நேற்றுப் போய்க் கேட்டேன். காளீஸ்வரி கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டே இருந்தாள். முழுக்க மடித்து முடித்த பிறகுதான் சொன்னாள்.

"வரட்டும். புள்ளைக பள்ளிக்கூடம் போன பொறவு வரச் சொல்லுங்க. அதுக இருக்கும்போது வந்தா, இவிய யாருன்னு நான் என்னன்னு சொல்ல?"

அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கு ஓய்வு. காலை ஒன்பதரைக்கு ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

ஆல்வின்